பாலத்து நிழலில் ஒரு நடைமேடை

தெருவில் அவருக்கு வைத்த பெயர் தண்டவாளம். பிழைப்பு என்னவோ கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது. பேச்சு மட்டும் எந்நேரமும் ரயில். அதுவும் ஏறிப் போகிற ரயில் இல்லை, கம்ப்யூட்டரில் வரைகிற ரயில். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற ஆன்லைன் மேப் ஒன்றில், பாசஞ்சர் வண்டிகள் போகும் பாதையை வரைந்து, ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் புள்ளி வைப்பார். சம்பளமும் கிடையாது, கிம்பளமும் கிடையாது.

ஆரம்பித்து வைத்தவர் கடை முதலாளிதான். "நம்ம கடையே மேப்புல இல்லையேய்யா, கொஞ்சம் போடு" என்றார். இவர் போட்டார். பக்கத்து ஸ்டேஷனில் இரண்டாவது நடைமேடை விடுபட்டிருந்தது. கையோடு அதையும் போட்டார். முன்பின் தெரியாத யாரோ நன்றி எழுதினார்கள். அவ்வளவுதான், மனுஷன் தலைகுப்புற விழுந்துவிட்டார்.

"சக்களத்தின்னா கூட முடியைப் பிடிச்சுச் சண்டை போடலாம்," என்பாள் மனைவி. "இரும்புப் பாதையோட நான் எப்படிங்க சண்டை போடறது?"

வேலை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. வானத்திலிருந்து எடுத்த படம் திரையில் விரிந்திருக்கும். தண்டவாளம் போகிற போக்கிலேயே சொடுக்கிக்கொண்டு போக வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் நடைமேடை வரைய வேண்டும். இரண்டு பாதை சேரும் இடத்தில் ஒரே புள்ளியில் கோர்க்க வேண்டும். அப்புறம் யாராவது போனில் வழி கேட்டால், எங்கே இறங்கி எதில் மாறுவது என்று மேப்பே சொல்லிவிடும். ஜனங்கள் அதை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அப்படித்தான் அவருடைய அக்காவும் கிளம்பினாள். தம்பி வீட்டுக்கு வர வேண்டுமென்றால் வழக்கமாகப் பெரிய ஜங்ஷன் வரை போய், அங்கே பாதி நாள் காத்துக் கிடந்து வண்டி மாற வேண்டும். இந்தத் தடவை தம்பி போனில் பெருமையடித்தார். "ஜங்ஷனுக்கு ஏன் போற? அதுக்கு முன்னாடியே பாலத்து ஸ்டேஷன்ல இறங்கு. கீழ இன்னொரு லைன் வண்டி நிக்கும். ஏறினா நேரா நம்ம ஊரு."

"யாருடா சொன்னது?"

"மேப் சொல்லுதுக்கா. நானே போட்டது!"

அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? காலையில் ஏறிவிட்டாள்.

மத்தியானம் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் சிணுங்கியது. மேப் வரைகிறவர்களில் ஆந்தை என்ற பெயரில் ஒருவர் உண்டு, மற்றவர்கள் வரைந்ததில் தப்புக் கண்டுபிடிப்பதே தொழில். அவர் எழுதியிருந்தார்: "பாலத்து ஸ்டேஷனில் மேல் பாதையையும் கீழ்ப் பாதையையும் கோர்த்திருக்கிறீர்கள். இரண்டும் எங்கேயும் சேரவில்லை. கீழே எந்த வண்டியும் நிற்காது. நீங்கள் வரைந்த நடைமேடை, பாலத்தின் நிழல்."

டப்பாவை மூடாமலே கடைக் கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேல் பாதை போகிற பாலம் கீழ்ப் பாதையைச் சாய்வாகக் கடக்கிறது. அதன் நிழல் கீழ்த் தண்டவாளத்தை ஒட்டி நீளமாக, சாம்பல் நிறத்தில், சாட்சாத் நடைமேடை மாதிரியே விழுந்திருக்கிறது. அட பாவி! ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுப்பவனுக்கு நிழல் எது, நிஜம் எது என்று தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது போன். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அணைத்தே வைத்திருப்பாள், மகராசி. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அதே குரல். அவள் சர்க்கரைக்காரி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கண் இருட்டும், கை நடுங்கும். அந்த ஸ்டேஷனைச் சுற்றி ஒரு கடைகூட இல்லை என்று அவருக்கே தெரியும், அந்த வெற்று நிலத்தையும் அவர்தானே வரைந்தார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க. இறங்கறதுக்கு முன்னாடி வண்டியில யாரையாவது கேட்டிருப்பாங்க."

"கேக்க மாட்டாடி! என் தம்பி போட்டதுக்கு அப்புறம் எவனைக் கேக்கணும்னு இறங்கியிருப்பா. கீழ வண்டி வருது, நிக்காம போகுதுன்னா, பாலத்துல இருந்து சரிவுல இறங்கிப் பாப்பாளே... ஐயோ, தண்டவாளத்துக்கே போயிடுவாளே!"

"வாயைக் கழுவுங்க முதல்ல," என்றாள் மனைவி.

நடைமேடையை அழித்தார். கோர்த்த புள்ளியைப் பிரித்தார். சேமித்ததும், நன்றி என்றது திரை. நன்றியாம் நன்றி! மேப்பில் அழித்துவிட்டால் அக்கா மறுபடி ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாளா? முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிக் கார் சாவியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தம்பி, நான்தான்டா."

"அக்கா! எங்க இருக்க?"

"நீ சொன்ன எடத்துலதான். கீழ வண்டி போகுது, நிக்கத்தான் மாட்டேங்குது. மேல அடுத்த வண்டி சாயங்காலம்தானாம்."

"சாப்டியா? தலை சுத்துதா? கீழ இறங்கலையே?"

"இறங்கல, இறங்கல. ஒரு பொண்ணு பிஸ்கெட் குடுத்தா. அவ போன்லதான் பேசறேன், என்னோடதுல சார்ஜ் இல்ல. கைக்குழந்தையோட நிக்கிறாடா, பாவம். அவளும் மேப்பைப் பாத்துட்டு இறங்கினவதானாம். இன்டர்வியூவுக்குப் போற பொண்ணு வேற ஒண்ணு, நேரம் தாண்டிப்போச்சுன்னு அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்கு."

இவ்வளவு நேரமும் ஒரே ஒருத்திக்காகத்தான் பயந்துகொண்டிருந்தார். அந்த நடைமேடையை வரைந்து மாதக்கணக்காகிறது. நேற்று அங்கே யார் நின்றார்களோ, முந்தாநாள் யாரோ! அந்த நினைப்பே அவருக்கு வந்திருக்கவில்லை.

"எந்தக் கட்டையில போறவன் இதைப் போட்டானோன்னு கைக்குழந்தைக்காரி மண்ணை வாரித் தூத்தறா," என்றாள் அக்கா. "எனக்குப் பொறுக்கல. என் தம்பிதான்னு சொல்லிட்டேன். நீயே பேசுடா, அவகிட்ட குடுக்கறேன்."

"அக்கா, இரு..."

குழந்தையின் அழுகை காதருகே வந்தது.

"ஹலோ?" என்றாள் அந்தப் பெண்.

"நான்தாம்மா போட்டேன்," என்றார் தண்டவாளம். "வெயில்ல நிக்காதீங்க. மூணு பேரையும் கூட்டிட்டுப் போக வரேன்."