அகழியில் மூழ்கிய கிளிஞ்சல்மேட்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை கிளிஞ்சல்மேட்டுக்காரர் ஒருவர் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனார். பதறாதீர்கள். அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சாவலைங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். என் சிநேகிதர் லூயி பிரான்ஸிலிருந்து காரைக்காலுக்கு லீவில் வந்திருக்கிறார். கூடவே ஒரு விளையாட்டுப் பெட்டி. ஆளுக்கொரு வீரனாக நம்மைப் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டி, பூதங்களோடு சண்டை போட வேண்டும் — எல்லாம் வாயாலேயே! விதிப் புத்தகம் பிரெஞ்சில். படிக்கத் தெரிந்தவர் லூயி மட்டும். எனவே அவர்தான் நடுவர்... கிட்டத்தட்ட கடவுள்.

கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்தில் பிறந்து வளர்ந்த என் ஆபீஸ் நண்பர் மாசிலாமணி நாலு ஞாயிறாகத் தன் வீரனைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். செவ்வாயன்று லூயி பெட்டியோடு விமானம் ஏறுகிறார். அதற்குள் பூதத்தின் கோட்டையைப் பிடித்தாக வேண்டும். கோட்டை வாசலில், அகழியில் அவருடைய வீரனுக்குக் கால் தவறியது. பகடையில் ஒன்று விழுந்தது.

"ஒண்ணு விழுந்தா முங்கிட்டான்னு அர்த்தம். ஆள் காலி" என்றார் லூயி.

"என்னங்க அநியாயம்! கடல்லயே முங்காதவன், அகழியிலயா முங்குவேன்?"

மாசிலாமணிக்கு நீச்சல் தெரிந்தால் அவருடைய வீரனுக்கும் தெரியுமா என்பது வேறு கேள்வி. நான் அவர் கட்சி. அதனால் கேட்கவில்லை.

"பூதமே வர்ற ஆட்டத்துல நெசத்த ஏங்க தேடுறீங்க?" என்றார் லூயி.

பூதத்தைப் பார்த்தால் நீச்சல் மறந்துவிடுமா?

"விதியே தப்புங்க" என்றார் மாசிலாமணி.

"தப்பே இல்ல. சரியில்லாத விதிய நடுவர் மாத்திக்கலாம்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு. மாத்திக்கலாம்னா அப்புறம் தப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"அப்ப மாத்துங்க."

"தப்பே இல்லைங்கிறேன், எதுக்கு மாத்தணும்?"

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் இந்த வாதம் புதிதா என்ன? என் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்து நாலு உதை விட்டால்தான் கிளம்பும். சாய்க்கத் தெரிந்துவிட்டதால், "வண்டியில் ஒரு கோளாறும் இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். சமாளிப்பது நான், நல்ல பெயர் வண்டிக்கு!

மாசிலாமணியின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. அதற்குள் லூயியின் மனைவி தெரேஸ் சாப்பிடக் கூப்பிட்டார். காலையில் மாசிலாமணியே கொண்டுவந்து கொடுத்த கொடுவா மீனில் குழம்பு.

ஒரு வாய் வைத்ததும் லூயி முகத்தைச் சுளித்தார். "என்ன தெரேஸ், உப்பே போடலியே?"

தெரேஸ் அடுப்படியிலிருந்தே எங்கள் சண்டை முழுவதையும் கேட்டிருக்கிறார் போலும். உப்பு ஜாடியைக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

"வேணும்னா போட்டுக்கலாம்ல? அப்புறம் கொழம்புல தப்பு எங்கேருந்து வந்துச்சு?"

லூயி உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணி தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்படியே அந்தக் கையால என்னையும் கரையேத்திடுங்க."

லூயியும் விதியை மாற்றி ஏற்றிவிட்டார். நான்தான் இன்னும் ஸ்கூட்டரைச் சாய்த்து உதைத்துக்கொண்டிருக்கிறேன்... வண்டியில் ஒரு கோளாறும் இல்லை!