ஹனான் வரைந்த சிரிப்பு

"தங்கச்சி, ஹனான் மோசம் போயிட்டா. காலமை ஆஸ்பத்திரியிலையாம்." படங்களுக்குச் சட்டம் போடும் எங்கள் பட்டறையின் முதலாளி ஞானம் அண்ணை தொலைபேசியில் இந்தச் சாவுச் செய்தியைச் சொன்னபோது அழுதேன். மறுநாள் பத்திரிகையைப் பார்த்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. "முக்காட்டிலிருந்து தப்பி வந்த ஓவியர்" என்று எழுதியிருந்தார்கள்.

பொய். ஹனான் அவர்கள் தப்பி வந்தது ஈராக் போரிலிருந்து. பாக்தாத்தில் ஓவிய ஆசிரியர்; இங்கே கனடாவில், மொன்றியலில் குழந்தைகள் காப்பகமொன்றில் சமையல் வேலை. முக்காட்டைச் சில நாள் அணிவார், சில நாள் அணியமாட்டார். ஏனென்று கேட்டால், "என் தலை, என் முடிவு" என்பார்.

லாசால் பகுதியிலிருக்கும் எங்கள் பட்டறைக்கு அவர் முதலில் கொண்டுவந்த படத்தில், தொழுகை முடித்த மூன்று பெண்கள் பாயிலிருந்தபடியே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பூசை முடிய எங்கட அம்மாவையளும் இப்பிடித்தான் சிரிப்பினம்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு காட்சிக்கூடம் அந்தப் படத்தைக் கேட்டது. ஆனால் 'சிறை' என்று தலைப்பிட வேண்டுமாம். "சிரிக்கிறவர்களை ஏன் அடைக்கிறீர்கள்?" என்று தலைப்பை மறுத்துவிட்டார்; கூடம் தலைப்பில்லாமலே படத்தை ஏற்றுக்கொண்டது. அவருடைய சமூகத்துப் பெரியவர்களோ, பாயில் பெண்கள் சிரிப்பது மார்க்கத்துக்கு அவமானம் என்றார்கள். "நீங்கள் தொழுதபின் சிரித்ததேயில்லையா?" என்று அவர்களிடமும் கேட்டார்.

கண்காட்சியின் திறப்புவிழாவுக்குப் போனோம். சுவரில் படம் இல்லை. மார்க்கத்துக்கு அவமானம் என்று முறைப்பாடு வந்ததாம். அவருக்கு ஒரு சொல்கூடச் சொல்லாமல் கழற்றி, பின்னறையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நான் கத்தினேன். அவர், "நீ அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவருமாக மெத்ரோ ரயிலில் தூக்கி வந்து, அவருடைய குடியிருப்பின் கீழிருந்த சலவைக்கடையில், கடைக்காரரைக் கேட்டு மாட்டினோம். உடுப்புத் தோய்க்க வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

"இதிலை என்ன பிழை? சிரிக்கினம், அவ்வளவுதானே!"

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹனான் அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

படத்தைத் திருப்பி வைத்த அதே கூடம் இன்று "எங்கள் துணிச்சலான குரல்" என்று அஞ்சலி எழுதியிருக்கிறது. அந்தத் துணிச்சலுக்கு ஒரு சுவர் கொடுக்க மனமில்லாதவர்கள்!

அடக்கம் நடந்த லவால் மையவாடியில், "பெண்கள் தள்ளி நில்லுங்கள்" என்றார் ஒருவர். ஹனான் அவர்களின் மகள் நூர் நேரே குழியருகே நடந்தாள். நானும் கூடவே போனேன். யாரும் தடுக்கவில்லை. முக்காட்டோடு அவளும் வெறுந்தலையோடு நானும் ஈரமண்ணை இரு கைகளாலும் அள்ளி இட்டோம்.

உறங்குங்கள், ஹனான். உங்களைப் பற்றிப் பொய் சொல்பவர்களோடு நாங்கள் கதைத்துக்கொள்கிறோம்.