துப்பாக்கித் தாளில் பிள்ளையார் சுழி

என் சின்னம்மாவின் கணவர் இரத்தினசிங்கம் சித்தப்பா ஒரு நாளும் துப்பாக்கியைத் தொட்டவரல்ல. கொழும்புத் துறைமுகக் களஞ்சியங்களுக்குக் காவல்காரரை அனுப்பும் கம்பனியொன்றில் கிளாக்கர். 1996இல் அந்தக் கம்பனி அரசாங்க அனுமதியோடு அரைத் தானியங்கி ரைபிள்கள் வாங்க நினைத்தது. மூன்று விற்பனையாளர்கள் அனுப்பிய விபரங்களை ஒரே தாளில் ஒப்பிட்டுத் தரும்படி முதலாளி சித்தப்பாவிடம் சொன்னார்.

வேறொருவர் என்றால் எடை, விலை என்று எழுதி முடித்திருப்பார். வெள்ளவத்தையில் கடலோரம் வாடகைக்கு இருந்த சித்தப்பா, உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்பதைப் பார்த்தவர். இரும்பின் மேல்பூச்சுக்கு ஒரு நிரல் போட்டார். பிடி மரமா பிளாஸ்ரிக்கா, துடைப்பதற்குக் கழற்றுவது இலகுவா, உதிரிப்பாகம் கொழும்பில் கிடைக்குமா என்று நிரல்கள் நீண்டன. திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமென்று தாளையும் விற்பனையாளர்களின் படங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை, தமிழர் வீடுகளில் சுற்றிவளைப்புச் சோதனை. ஓர் இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். வீட்டில் இருக்கும் தமிழர் யார் யாரென்று பதிந்த பொலிஸ் துண்டில் பெயர்கள் சரியாக இருந்தன. மேசையில் துப்பாக்கிப் படங்கள். சித்தப்பா கம்பனிக் கடிதத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வாசித்துவிட்டு, கையால் எழுதிய தாளின் உச்சியில் விரலை வைத்தார்.

"மேக்க மொக்கத்த?"

இது என்னவென்று சிங்களத்தில் கேட்கிறார். அங்கே ஒரு 'உ' இருந்தது.

"பிள்ளையார் சுழி, சேர். நீங்களும் கும்பிடுற கணதெய்யோதான்," என்றார் சித்தப்பா சிங்களத்தில். "எதை எழுதினாலும் முதலில போடுறது."

"துவக்குக்குமா?" இன்ஸ்பெக்டர் துப்பாக்கிப் படங்களைக் காட்டினார்.

"சீனி வாங்கிற துண்டிலயும் போடுவார், சேர்," என்று சின்னம்மா அன்னபாக்கியம் குசினிக்குள் ஓடிப்போய்க் கடைத்துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். சீனி, பருப்பு, மண்ணெண்ணெய். மேலே அதே 'உ'.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கடைத்துண்டையும் மடித்துத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, இதில எது நல்லது?"

தெரியாது என்றால் தாள் பொய்யாகிவிடும். தெரியும் என்றால் அதைவிட மோசம். சித்தப்பா மேல்பூச்சு நிரலைத் தொட்டுக் காட்டினார்.

"இரண்டாவது, சேர். உப்புக்காத்துக்குத் தாங்கும்."

ஆமிக்காரரில் ஒருவன் குனிந்து தன் துவக்கின் குழலைப் பார்த்துக்கொண்டான்.

"நல்லாத் தெரிஞ்சு வைச்சிருக்கிறீர்," என்றார் இன்ஸ்பெக்டர். "வாரும்."

முதலாளி நேரில் போய் எழுதிக்கொடுத்துச் சித்தப்பாவை வெளியே எடுக்க நான்கு நாள் ஆனது. தாளும் கடைத்துண்டும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு திங்களும் ஸ்ரேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கம்பனி இரண்டாவது ரைபிளைத்தான் வாங்கியது என்று பிறகு சின்னம்மா ரெலிபோனில் சொன்னார்.

கனடாவில் எனக்கு வரும் சித்தப்பாவின் கடிதங்களில் அதற்குப் பிறகு சுழி இல்லை. தாளின் உச்சியில் ஒரு விரலளவு இடம் விட்டு, அதற்குக் கீழேதான் எழுதத் தொடங்குவார்.