கட்டிலுக்குக் கீழே ஒரு போத்தல்

2009 மார்ச், இரண்டாம் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு மல்கிரேவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். லில்லிடேல் வழியாக யாரா ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். கணவர் காரை ஓட்டினார். பின் இருக்கையில் புட்டு, மீன் குழம்பு, ஒரு பெரிய பெட்டி. எங்கள் மகள் அபியின் உடுப்புகளை அதில் அடுக்கி அவளை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம்.

"வெறும் பெட்டியோட போறது சரியில்லை எண்டு நீர்தானே சொல்லுறனீர்?" என்றார் கணவர்.

"உள்ளுக்க ஒரு துவாய் வைச்சிருக்கிறன்."

அபி மருந்தாளர் படிப்பு முடித்து வேலையும் பார்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வேலையை விட்டு, சிவப்பு வைன் செய்யும் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்தாள். சொந்தக்காரரிடம் 'விவசாய ஆராய்ச்சி' என்று சொல்லிவைத்திருக்கிறோம். பெப்ரவரியில் அந்தப் பக்கத்துக் காடுகள் எரிந்த அன்று, பின்னேரம் முழுவதும் அவளுடைய தொலைபேசி எடுபடவில்லை. இருட்டிய பிறகுதான் குரல் கேட்டது. இப்போதும் அயலில் யாராவது இறைச்சி சுடப் பாபிகியூ அடுப்பு மூட்டினால் நான் வாசலுக்கு ஓடுகிறேன்.

லில்லிடேல் தாண்டியதும் புல்வெளிகள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. ஒரு வளைவில் எரிந்து கறுத்த மலை தெரிந்தது. கணவர் ரேடியோவை அணைத்தார்.

ஒன்பதரைக்குச் சேர்ந்தோம். தோட்டம் ஆற்றை நோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. காலை ஊன்றித்தான் நிற்கலாம். கம்பிகளில் படர்ந்த கொடிகள் அபியை விட மூத்தவை, அடிமரம் முழங்காலளவு தடிப்பு. இந்தச் சரிவில் இயந்திரம் இறங்காது, எல்லாம் கைவேலை. நெருப்பு அக்கரை வரை வந்து நின்றிருக்கிறது. இக்கரையில் ஓர் இலைகூடக் கருகவில்லை. கருநீலக் குலைகள் பழுத்துத் தொங்கின. ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். தேன்.

"ஏன் பிள்ளை இன்னும் பிடுங்கேல்லை?" என்று பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டேன்.

அபி எங்களைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனாள். பரீட்சார்த்தமாக ஒரு வாளிப் பழத்தைப் புளிக்க வைத்திருந்தாள். கிளாசில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள்.

"நான் ஒருநாளும் குடிச்சதில்லையடி."

"குடிக்க வேண்டாம் அம்மா. டேஸ்ட் பண்ணிட்டுத் துப்புங்கோ."

முதலில் பழம். அடுத்த கணம் நாக்கு முழுவதும் சாம்பல்.

"அடுப்புக் கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு."

"எக்ஸாக்ட்லி. புகை தோலுக்குள்ள போயிட்டுது. பழத்தில தெரியாது, புளிச்சாப் பிறகுதான் காட்டும். இந்த வருசம் றெட் வைன் இல்லை."

எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

"அப்ப வேலையும் இல்லைத்தானே? கார்ல பெட்டி இருக்கு."

"பழத்தை இப்பிடியே விடேலாது. எல்லாத்தையும் வெட்டி நிலத்தில போடவேணும். பிறகு விண்டருக்குக் கொடி வெட்டவேணும். வெட்டாட்டி வாற வருசமும் இல்லை. ஆக்கள் பாதிப்பேர் போயிட்டினம் அம்மா."

"நெருப்புத் திரும்பி வந்தா?"

"உங்களுக்குத்தான் முதல் போன் கோல்."

"போன்தானே அண்டைக்கு வேலை செய்யேல்லை."

அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தலைமயிரை முகர்ந்து பார்த்தேன். புகை இல்லை, புளித்த பழத்தோலின் வாசம்.

ஆற்றங்கரையில் இருந்து சாப்பிட்டோம். பழச்சாறு ஊறி ஊதாவான நகங்களால் அவள் புட்டைக் குழைத்து உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசிக்கவில்லை.

மூன்று மணிக்குப் புறப்படும்போது அவளே பெட்டியைத் திறந்தாள். உடுப்பு அடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். துவாயை எடுத்து ஒரு போத்தலைச் சுற்றி உள்ளே வைத்தாள். போன வருடத்து வைன். விலை நாற்பத்தைந்து டொலர் என்று கணவர் ஒட்டியிருந்த தாளில் வாசித்தார்.

"இருட்டா, குளிரா ஒரு இடத்தில படுக்க வையுங்கோ. பத்து வருசம் போனாத்தான் ருசி."

"பத்து வருசமோ! கொம்மாவின்ர மீன் குழம்பு அடுத்த நாளே ருசிக்குமே," என்றார் கணவர்.

"ஆர் திறக்கிறது?" என்றேன்.

"நான்தான். அதுக்கு முதல் அப்பா தொட்டா எனக்குத் தெரியவரும்."

எங்கள் வீட்டில் வெயில் அதிகம் படாத அறை அபியுடையதுதான். அவளுடைய கட்டிலுக்குக் கீழே, துவாயோடு போத்தலைப் படுக்கவைத்தேன். அவள் போனதிலிருந்து தினமும் காலையில் அந்த அறையின் யன்னல் சீலையை விலக்கிவிடுவது என் வழக்கம். இப்போது விலக்குவதில்லை. போத்தலுக்கு இருட்டு வேண்டும்.