செல்வத்தின் பேரைச் சொல்லிக் கேட்ட ஜெபம்

சபையாரே, போன மழைக்காலம் முடிந்த கையோடு என் மகன் ஜோசப் தண்ணீருக்கடியில் பாறைக் குகைக்குள் மாட்டிக்கொண்டான். நான் உடைந்துபோன நாள் அது. எனக்குப் படிப்பு இல்லை, வாய்க்கு வந்தபடி சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் கிணற்றுக்குள் முங்கினவன்தான். வடக்குப்பட்டுப் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை சைக்கிளே எடுத்தேன், அது வேறு கதை. ஜோசப் சிலிண்டர் மாட்டிக்கொண்டு, கம்பெனித் தண்ணீர்த் தொட்டிகளில் இறங்குகிறவன். வேலை கற்றுக்கொடுத்தது அவனுடைய மூத்த கூட்டாளி செல்வம். ஜோசப் இடுப்பில் கட்டி இறங்கும் கயிறும் எப்போதும் செல்வத்தின் கையில்தான்.

"செல்வம் அண்ணன் புடிச்சாதான் எறங்குவேன் நைனா" என்பான் ஜோசப்.

பெற்றவன் நான் பக்கத்திலேயே நிற்பேன். எனக்குச் சோறு இறங்காது. செல்வமும் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். அது இன்னும் எரியும்.

அன்று ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம். தண்ணீர் லாரிக்காரர்களின் மோட்டார், பள்ளத்தின் அடியில் இருந்த குகைக்குள் சொருகிக்கொண்டது. அதை எடுக்க ஜோசப் இறங்கினான். சற்று நேரத்தில் அவன் கயிறு பாறையிடுக்கில் சிக்கி, அசைவே இல்லாமல் போனது.

செல்வம் சிலிண்டரை மாட்டினான். இன்னொரு கயிற்றை இடுப்பில் கட்டி, முனையை என்னிடம் கொடுத்தான்.

"நைனா, ஒரு தபா இழுத்தா நல்லாக்கீறேன்னு அர்த்தம், தூக்கிடாத. மூணு தபா இழுத்தாதான் தூக்கணும்."

"எனக்கே கயிறு புடிக்கக் கத்துத் தர்றியா?"

"இன்னிக்கு ஒரு நாளு என் பேச்சக் கேளு. அப்பால வந்து திட்டு."

முங்கிவிட்டான். தண்ணீர் சேறாகக் கலங்கியது. கயிறு ஒரு முறை வெட்டி இழுத்தது. எங்கள் கிணற்று வழக்கத்தில் ஒரு இழுப்பு என்றால், மூச்சு முட்டுகிறது, தூக்கு என்று அர்த்தம். என் கை தானாகச் சுருட்டப் போனது.

"ஆண்டவரே, செல்வம் சொன்னதே சரியாக இருக்கட்டும். என் கையைப் பிடித்துக்கொள்ளும்" என்று அழுதேன். அவனுக்காக நான் கேட்ட முதல் ஜெபம் அது. கை நின்றது.

அப்புறம் மூன்று இழுப்பு. தூக்கினேன். இரண்டு தலைகள் வெளியே வந்தன.

"மொத இழுப்பு இவன் கை ஆப்டப்ப குடுத்தது நைனா" என்றான் செல்வம், மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்ப நீ தூக்கியிருந்தா புடி வுட்டுப் போயிருக்கும். அப்பாலதான் சிக்குன கயித்த அறுத்தேன்."

கண் திறந்த ஜோசப் முதலில் "அண்ணே" என்றான். என்னை அப்புறம்தான் பார்த்தான். சுருக்கென்றது. ஆனாலும் ஸ்தோத்திரம்.

பொறாமை போய்விட்டது என்று உங்கள் முன்னால் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் ஜெபத்தில் செல்வத்தின் பேரைத்தான் முதலில் சொல்கிறேன், பிறகுதான் என் மகன் பேர். உங்களுக்கும் ஆகாதவன் ஒருவன் இருப்பான். ஆண்டவர் அவனை வைத்தே உங்களைக் காப்பாற்றுவார். நம்பி, அவன் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.