சாந்துச் சட்டியை நம்பினேன்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவணி மாசம். உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்தில் நடந்தது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆனி மாசக் கடைசியில் என் வீட்டுக்காரர் நெல் மூட்டை ஏற்றும்போது டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் இனிமேல் கீழே குத்தவைத்து உட்காரவே கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இருந்ததோ தோட்டத்துப் பக்கம் படி இறங்கிப் போகிற பழைய கக்கூஸ். அவரைச் செங்கல்பட்டிலேயே மகள் வீட்டில் விட்டுவிட்டு, படுக்கிற அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று நான் மட்டும் ஊருக்கு வந்தேன்.

ஆடியில் ஆரம்பிக்கக் கூடாது என்றார்கள். சரி, ஆவணி முதல் வளர்பிறை முகூர்த்தத்தில் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பேர் வாங்கின ஆள். சொன்னபடி விடிகாலையிலேயே வந்தார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கடப்பாரையைப் போட்டார். அறையின் பின்சுவரில் கதவுக்கு வழி திறந்தாயிற்று. அதோடு விட்டாரா? "புதுசுக்கும் அதே செப்டிக் டேங்க்குதான்க்கா, பழச எடுத்தாத்தான் பைப்பு போட முடியும்" என்று பழைய கக்கூஸையும் தரைமட்டமாக்கிவிட்டார். இட்லி, வடகறி என்று நாஷ்டா முடித்தார். போகும்போது சாந்துச் சட்டி, கரண்டி, மட்டப்பலகை எல்லாவற்றையும் மூலையில் அடுக்கி வைத்துவிட்டு, "சாமான் இங்கயே கீட்டும்க்கா, காலைல வந்துர்றேன்" என்றார்.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தொழில் சாமானை விட்டுவிட்டு எவனாவது ஓடுவானா?

ஓடினான் சார், ஓடினான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. போன் போட்டால் "வந்துக்கினே கீறேன்க்கா" என்பான். எம்-சாண்ட் லாரி வரவில்லை, பிளம்பர் வந்தால்தான் நான் வர முடியும் என்பான். பிளம்பரைக் கேட்டால் மேஸ்திரி வராமல் நான் எதில் பைப்பைச் சொருகுவது என்பான். டைல்ஸ் கடையில் நான் கேட்ட கலர் தீர்ந்துவிட்டது என்று அதற்கு ஒரு வாரம். நடுவில் ஒரு நாள் வந்து நாலு வரிசை செங்கல் வைத்துவிட்டுப் போனான். நான் பக்கத்து வீட்டுக்கு வாளி தூக்கிக்கொண்டு போய்வந்தேன். "இன்னா, உங்க மேஸ்திரி வந்தானா?" என்று அவர்கள் கேட்டால், "சாமானெல்லாம் இங்கதான கீது, வராம எங்க போவான்?" என்று அவனுக்குப் பரிந்து வேறு பேசினேன்! என்னைச் சொல்ல வேண்டும்.

புரட்டாசி முடியப் போகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பா தண்ணியே குடிக்க மாட்றாரும்மா. சாப்பாடும் பாதிதான். இருக்கறது ஒரு பாத்ரூம், அஞ்சு பேரு. அடிக்கடி எழுந்து போனா மாப்பிள்ளைக்குத் தொந்தரவுன்னு வாயைக் கட்டிக்கினு கீறாரு" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. களத்தில் வேலை செய்யும்போது ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற மனுஷன் அவர். எங்கள் ஊர் ஆட்டோவைப் பிடித்து நேராக உத்திரமேரூர் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மேஸ்திரி இப்போதுதான் பசையும் டைல்ஸும் ஏற்றிக்கொண்டு திருமுக்கூடல் பக்கம் போனார் என்று கடைக்காரர் வழி சொன்னார். அன்று காலை என்னிடம் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்ன ஆள்!

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் அவனுடைய பைக் நின்றது. முற்றத்தில் நீலத் தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் ஒரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். சமையலறைக்கு ஒரு பக்கச் சுவரே இல்லை. மூலையில் பார்க்கிறேன், ஒரு சாந்துச் சட்டி, கரண்டி, மட்டப்பலகை. அதே அடுக்கு.

உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "இன்னாய்யா, உனக்குக் காய்ச்சலா? என் வூட்ட இட்ச்சிப் போட்டுட்டு இங்க வந்து ஒட்டிக்கினு கீற?" என்றேன். அந்தப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, உங்கள் வீட்டில் எப்போது இடித்தான் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குக் கண் சிவந்துவிட்டது.

"அதே நாள்தான்க்கா. எங்க வூட்டுக்கு ஒம்போது மணிக்கு வந்து இட்ச்சான். பொங்கல ரெண்டு தபா வாங்கித் துன்னான், பசியோட வந்துக்கீறான்னு நெனச்சேன்" என்றாள்.

கேளுங்கள், ஒரே முகூர்த்தத்தில் எத்தனை வீடு! அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாரும் அதே நாளுதான் கேக்கறீங்க. அன்னிக்கி வரலன்னா வேற ஆளப் புடிச்சிக்குவீங்க. இட்ச்சிட்டா உட மாட்டீங்க" என்றான். பொய் சொல்லும்போதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவன் உண்மையைச் சொன்னபோதுதான் வந்தது.

நான் கத்திக்கொண்டே இருக்க, அவள் மட்டும் உங்கள் வீட்டில் என்ன வேலை என்று மெதுவாகக் கேட்டாள். வீட்டுக்காரர் விழுந்ததையும், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அப்போது தூறல் போட ஆரம்பித்து, அவள் சோற்றுப் பானையை இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள்.

பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், டைல்ஸ் அறுக்கிற மெஷினைப் பிளக்கிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தாள். "இத மடில வச்சிக்கினு போக்கா. சட்டி, கரண்டில்லாம் சும்மா, அவன்கிட்ட அது நாலு செட்டு கீது. இது ஒண்ணுதான். பின்னாலயே வருவான் பாரு" என்றாள்.

"மழ வருதேம்மா, உன் சமையல்?" என்றேன்.

"நான் எங்கயாவது ஆக்கிக்கிறேன். அந்த மனுஷன் தண்ணி குடிக்கட்டும்" என்றாள். மேஸ்திரியைப் பார்த்து, "அங்க முடிக்காம இந்த வாசப்படி ஏறுன, அவ்ளோதான்" என்று விரலை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு பைக் சாவியைத் தேடினான்.

ஆட்டோவில் மெஷினைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னால் பைக்கில் அவன் நனைந்துகொண்டு வந்தான். அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தப்பாமல் வந்தான். சாயங்காலம் ஆனால் மெஷின் என் பீரோவுக்குள் போய்விடும். முடிந்த அன்றைக்கு, "நான் எட்த்துக்கினு போறேன்க்கா" என்றான். உன்னை நம்பி ஒரு கரண்டிகூடத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நானே எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் இன்னமும் தார்ப்பாய்க்கு அடியில்தான் சமைத்துக்கொண்டிருந்தாள். மழையில் அடுப்படி சேறாகியிருந்தது.

வீட்டு வேலை வைக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் இப்போது சொல்வது இதுதான். சாமான் மொத்தமும் வாசலில் வந்து இறங்காமல் கடப்பாரையைத் தொடவிடாதீர்கள். புதுசு நிற்காமல் பழசை இடிக்க விடவே விடாதீர்கள். முகூர்த்தம் பார்க்கிறீர்களே, அதே முகூர்த்தத்தில் அந்த ஆள் இன்னும் எத்தனை வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றும் விசாரியுங்கள். உங்கள் வேலை ஐப்பசியில்தான் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் காத்திருக்க மாட்டோமா? அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் ஊரில் அவனுக்கு வேலைக்குக் குறைச்சல் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்காரரை அழைத்து வந்தோம். வாக்கரை ஊன்றிக்கொண்டு தானே பாத்ரூமுக்குப் போனார், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், "ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார். அண்ணாந்து ஒரே மூச்சில் அவர் அதைக் குடித்து முடிக்கிறவரைக்கும் நான் பக்கத்திலேயே நின்றேன். இப்போதும் அவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒரு மனுஷனுக்காக மழையில் நனைந்துகொண்டு சோறாக்கிய அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.