நரி ரயிலில் பதினெட்டுப் பேர்

சுற்றுலா கூட்டிப்போகிற வேலையை ஊர் பார்க்கிற வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதிகம் பார்த்தது, ஓட்டல் லாபிக்கு வந்து சேராத ஆட்களின் அறைக் கதவுகளைத்தான். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி ஒரே ஒரு கல்யாணத்துக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர முயன்றவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

கவுண்டர் நஸ்ரின்

ஷார்ஜா முவைலாவில் ஒரு சின்ன டிராவல்ஸ். அதில் ஏழு வருஷம் விசா கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட்டை வாங்கு, நகல் எடு, போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பு. ஊரில் உள்ளவர்களை எல்லாம் உலகம் சுற்ற அனுப்பிவிட்டு நான் மட்டும் அந்தச் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஜப்பான் டூர் போடலாம், நானே கூட்டிப்போகிறேன் என்று முதலாளியிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதைச் சண்டை என்றே சொல்லலாம்.

ஜப்பானில் ஒரு மலைப்பக்கம், வயல்களுக்கு நடுவே, சனி ஞாயிறு மட்டும் ஒரு பழைய நீராவி ரயில் ஓடுகிறது. ரயில் முழுக்க நரி வேஷம். பெட்டியில் நரிப் படம், டிக்கெட் பரிசோதகர் கன்னத்தில் நரி மீசை, ஏறுகிறவர்களுக்குக் காகித நரி முகமூடி. அந்த ரயிலின் போட்டோ ஒன்றைப் போட்டுத்தான் பதினெட்டு பேரைச் சேர்த்தேன். இருக்கை எல்லாம் முன்பதிவு. விட்டால் அடுத்த வாரம்தான், அதற்குள் நாங்கள் திரும்பி வந்திருப்போம். முதலாளிக்கும் எனக்கும் ஒரே ஊர், கீழக்கரை. அதனால் அவரால் மறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒத்த ஆளு அந்த ரயிலை விட்டாலும், திரும்பி வந்து பேசாம கவுண்டர்ல உக்காந்துக்கம்மா."

தம்மாம்காரர்

துபாய் விமான நிலையத்தில் எல்லாரையும் முதல் முறையாக ஒன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் குடும்பங்கள். தனியாக வந்தது ஒருவர்தான், செல்வராஜ் அண்ணன். பெரம்பலூர் பக்கம். சவூதியில், தம்மாமில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் டைம்கீப்பர். விடியற்காலையில் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப் வாசலில் நின்று, ஆட்களை எண்ணி பஸ்ஸில் ஏற்றி சைட்டுக்கு அனுப்புவது அவர் டியூட்டி. இருபது வருஷமாக அதே வாசல்.

சும்மா இருப்பார்களா நம் ஜனங்கள்? குடும்பத்தை விட்டுவிட்டு ஒற்றை ஆளாக ஜப்பானில் என்ன வேலை என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். எனக்கே கேட்கத் தோன்றியது, அதனால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர் கோபப்படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"லீவுல ஊருக்குப் போனா கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டுன்னே போயிருது மேடம். ஒரு தடவையாவது எனக்குன்னு ஒரு லீவு எடுத்துப் பாக்கலாம்னு வந்துட்டேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் நம்பர்

ரயில் பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு. பத்து மணி வாக்கில் இல்லை, பத்து இரண்டு. எட்டரைக்கு லாபியில் இருக்க வேண்டும் என்று முந்தின நாளே வாய் வலிக்கச் சொல்லியிருந்தேன். எட்டு நாற்பதுக்கு லாபியில் இருந்தது நான், செல்வராஜ் அண்ணன், பஹ்ரைன் குதைபியாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செய்யது காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்), அவர் வீட்டம்மா. அவ்வளவுதான். ராமநாதன் சார் மூன்றாவது தடவையாக ஆம்லெட் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். துபாயில் பெரிய கம்பெனி மேனேஜர். வண்டியும் டிரைவரும் அவருக்காகக் காத்திருந்தே பழக்கம்.

செல்வராஜ் அண்ணன் என் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை மெல்ல வாங்கினார். லிஃப்டில் ஏறி, மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டினார். மணி அடிக்கவில்லை, உள்ளங்கையால் தட்டினார். கேம்ப்பில் தட்டுகிற தட்டு அது. பத்து நிமிடத்தில் லாபி நிறைந்துவிட்டது, சிலர் தலையைத் துவட்டிக்கொண்டே. ராமநாதன் சார் மட்டும் அசையவில்லை. கெஞ்சினேன், ரயில் யாருக்காகவும் நிற்காது என்றேன். காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:

"ஸ்டேஷன் மாஸ்டர் நம்பர் இருந்தா குடும்மா, நான் பேசிக்கிறேன்."

அந்தக் காபியைக் காகிதக் கோப்பையில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்து, ஏறக்குறைய தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

ஜன்னல்

கறுப்பு எஞ்சின் ஊதியதும் பெட்டி முழுக்க ஒரு சந்தோஷக் கூச்சல். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் இல்லையா, எங்களைச் சுற்றி அறுபது எழுபது நரி! வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து கையசைத்தார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு கையையும் அசைத்தார்கள். அதைவிடப் பெரிய அதிசயம், அந்த ரயிலில் ஜன்னலைத் திறக்க முடிந்தது. வளைகுடாவில் வாழ்கிறவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் ஏசி, காரில் ஏசி, பஸ் நிறுத்தத்தில்கூட ஏசி. திறக்கிற ஜன்னலைக் கண்டதும் சின்னவர் பெரியவர் வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள்.

நரி மீசை பரிசோதகர் ஓடி வந்து, கையை மேலிருந்து கீழே இழுத்து இழுத்துக் காட்டினார். எங்கள் ஆட்கள் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஜன்னலை மூடச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கி நான் கத்துவதற்குள் சுரங்கப்பாதை வந்துவிட்டது. வெளியே வந்தபோது பதினெட்டு பேருக்கும் கரி பூசின முகம். ராமநாதன் சாரின் வெள்ளைச் சட்டையும் கறுத்துவிட்டது. கவுண்டர் நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது. மனிதர் கன்னத்தைத் தொட்டு விரலைப் பார்த்தார், பக்கத்தில் வீட்டம்மாவைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"பதினெட்டு வருஷமா ஏசியிலயே கெடந்தாச்சு. விடும்மா, கொஞ்சம் பொகைதானே."

பத்து நிமிடம்

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் பத்து நிமிடம் நிற்கும். எஞ்சினில் கரியைக் கிளறி எண்ணெய் விடுவார்கள். செய்யது காக்கா காலையிலிருந்தே லுஹர் என்கிற நண்பகல் தொழுகையை நினைத்துக் கவலையாக இருந்தார். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற ரயிலில் மக்கா எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்பது? பத்து நிமிடத்தில் பிளாட்பாரத்தில் தொழுதுவிடலாம் என்றேன். பயணத்தில் சுருக்கித் தொழலாம், நேரம் போதும்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு அம்மா. அவர் கன்னத்திலும் நரி மீசை. போனில் திசைகாட்டியைக் காட்டி, நெற்றி தரையில் படுவதைச் சைகையில் சொன்னேன். அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. அறைக்குள் போய்ச் சுத்தமான ஒரு பாயைக் கொண்டுவந்து, பிளாட்பாரத்தின் கடைசியில் கூட்டம் இல்லாத இடத்தில் விரித்தார். காக்கா தொழுது முடிக்கும்வரை, போட்டோ எடுக்க வந்தவர்களைக் கையைக் காட்டி விலக்கிவிட்டபடி நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். காக்கா பாயைச் சுருட்டி அவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"முப்பது வருஷமா கடைக்குப் பின்னால துணி மூட்டைக்கு நடுவுல தொழுதவன் நான். இவ்வளவு விசாலமா ஒரு இடம் எனக்குக் கெடச்சதே இல்ல தங்கச்சி."

பதினேழு

மூன்று நிமிடம் இருந்தது. செல்வராஜ் அண்ணன் பெட்டிக்குள் விரலை நீட்டி எண்ணினார். பதினேழு. மறுபடி எண்ணினார். பதினேழு. ராமநாதன் சார் இல்லை. வேறு யார்? எஞ்சினை முழுசாகப் படம் பிடிக்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்கு வெளியே, வயல் நடுவில் ஒரு மேட்டில் போய் நின்றிருந்தார். போன் செய்தேன், எடுக்கவில்லை. படம் எடுக்கிற போனில் எப்படி எடுப்பார்? "சார், சார்" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொஞ்சம் இரு என்று கையை மட்டும் காட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் அம்மா கொடியை எடுத்துவிட்டார். பாய் விரித்துக் கொடுத்த அதே அம்மாதான். ஆனால் இரண்டு நிமிடம் கேட்டால் கிடைக்காது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏழு வருஷம் காத்திருந்து வாங்கியது இந்த வயலில் போகப்போகிறதே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

செல்வராஜ் அண்ணன் கதவுப் படியில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, அடித்தொண்டையில் தன் கேம்ப் வாசல் சத்தத்தைப் போட்டார். "யல்லா யல்லா! பஸ் போவுது!" அவ்வளவுதான். மேட்டில் நின்றவர் எடுத்தார் பாருங்கள் ஓட்டம்! போனைச் சட்டைப்பையில் செருகி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, வரப்பில் ஒரு முறைகூடத் தடுமாறாமல், ஐம்பது வயதுக்காரர் இருபது வயது ஆளாக ஓடிவந்தார். செல்வராஜ் அண்ணன் கையை நீட்ட, சார் பிடித்து ஏற, கதவு மூட, எஞ்சின் ஊத, எல்லாம் ஒரே மூச்சில். பெட்டியே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

சார் செல்வராஜ் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிக்க ரொம்ப நேரமானது. எதிரே அவர் வீட்டம்மா வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, சார் அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"மொத ரெண்டு வருஷம் அபுதாபி முசாஃபாவுல லேபர் கேம்ப்லதான் இருந்தேன் செல்வராஜ். இவகிட்டகூட சொன்னதில்ல. அந்தச் சத்தம் கேட்டா கால் இன்னும் தானா ஓடுது."

நாற்காலி

திரும்பி வந்த மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே ராமநாதன் சார் முதலாளிக்குப் போன் பண்ணியிருந்தார். தன் கம்பெனி ஆட்களை எல்லாம் அந்த ரயிலுக்கு அனுப்ப வேண்டுமாம், நஸ்ரின்தான் கூட்டிப்போக வேண்டுமாம், எண்ணுவதற்குச் செல்வராஜும் கட்டாயம் வர வேண்டுமாம். முதலாளி என் போனை வாங்கி, கரி முகங்களின் குரூப் போட்டோவைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாக எண்ணினார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை, அது அவர் வழக்கம் இல்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"கவுண்டருக்கு இனி ஆள் பாக்கணும். உனக்குத் தெரிஞ்சு பொறுமையான புள்ளை யாராச்சும் இருக்காம்மா?"

ஜப்பானில் ஒரு ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வளைகுடாத் தமிழர்கள் பதினெட்டு பேரும் அதற்குள் இருந்தார்கள் என்பதைத்தான் உலகம் இன்னும் கொண்டாடாமல் இருக்கிறது.